பழசைக் கொண்டுவாங்க

அந்தக் கடையில் ஓட்டையைத்தான் விற்கிறார்கள் என்று சந்துக்குள் ஒரு கிண்டல் உண்டு. அதைப் பொய்யென்று சொல்லிவிடவும் முடியாது. நடுவில் ஓட்டை இல்லாத சரக்கு ஒன்றுகூட அங்கே கிடையாது. குழாய்க்குப் போடும் வாஷர், பிளாஸ்க் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம், தண்ணீர் மோட்டாருக்கு, துணி துவைக்கும் மெஷினுக்கு, காபி போடும் பாத்திரத்துக்கு என்று சட்டைப் பொத்தான் அளவிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அளவு வரைக்கும் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் தினுசு. மூன்று சுவரிலும் வரிசையாக ஆணி. ஆணிக்கு ஒரு தினுசு. உள்ளே நுழைந்தால் புது ரப்பர் வாசனையும், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தூவுகிற பவுடர் வாசனையும் சேர்ந்து மூக்கைப் பிடித்துக்கொள்ளும்.

கடைக்காரரை எல்லோரும் வாஷர்க்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பெண்டாட்டி கடையம்மா. வாஷர்க்காரர் அதிகம் பேச மாட்டார். 'பழசைக் கொண்டுவாங்க' என்று ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தார். பாதிப் பேச்சு அதிலேயே முடிந்துவிடும். வருகிறவர் தேய்ந்துபோன வளையத்தை மேஜைமேல் வைப்பார். இவர் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒருதரம் உருட்டிப் பார்த்து, "நாப்பத்திரெண்டு" என்பார். கடையம்மா சரியான ஆணியிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். சந்தேகம் இருந்தால் மட்டும் வெர்னியரை எடுப்பார். இரண்டு தாடையும் நகரும் அளவுகோலும் உள்ள அந்த எஃகுக் கருவியை வேறு யாரும் தொட விடமாட்டார். தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாக, துணியில் சுற்றி வைத்திருக்கும் இருபத்தைந்து மில்லிமீட்டர் எஃகுக் கட்டையை எடுத்து வெர்னியரின் தாடைக்குள் வைத்துப் பார்ப்பார். இருபத்தைந்து காட்டினால் "சரி" என்று சொல்லிவிட்டுக் கட்டையை மறுபடி சுற்றி வைப்பார். இருபது வருஷமாக அது இருபத்தைந்துதான் காட்டியது. "இன்னிக்கு மட்டும் மாறிடவா போகுது?" என்று கடையம்மா கேட்காத நாளில்லை. அவர் பதில் சொன்ன நாளுமில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் மண் விழுந்தது. நிஜமாகவே மண். தரைக்கடியில் ரயில் விடப்போகிறோம் என்று சந்து முழுவதையும் நீளவாக்கில் தோண்டிப் போட்டார்கள். கடைக்கு முன்னால் ஆளுயரத் தகரத் தடுப்பு. குழியைத் தாண்ட ரெண்டு பலகை. மழை ஆரம்பித்ததும் பலகை வழுக்கியது. ஒரு வாஷருக்காக உயிரைப் பணயம் வைக்க யாருக்கு என்ன வேண்டுதல்? வந்துகொண்டிருந்தவர்கள் நின்றுபோனார்கள். வேலை முடிய இரண்டு வருஷமாகும் என்று தகரத்தில் எழுதியிருந்தது.

கட்டிடம் வாஷர்க்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. பெரியவர் என்று அவரைச் சொல்வார்கள். கெட்டவர் இல்லை, கணக்காக யோசிக்கிறவர். ஒருநாள் குடையும் சேறுமாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். ரயில் வேலை எடுத்திருக்கவங்க சிமெண்ட் மூட்டை அடுக்க எடம் கேக்குறாங்க. நம்ம எடம்தான் தோதாம்."

"கடை இருக்கே அண்ணே."

"கடை இருக்கு. ஆளெங்க? காலையிலருந்து எத்தன பேரு வந்தாங்க?"

கடையம்மாதான், "ஒருத்தர் வந்தாரு மாமா. வழி கேட்டுட்டுப் போனாரு" என்றாள்.

"அதான் சொல்றேன். என் சம்பந்தி மில்லுல ஸ்டோர்ல ஒரு ஆள் வேணுமாம். ரயிலேறுனா ஒரு நாள் பயணம். நீ அங்க போயி இரு. இந்தம்மா இங்க வீட்டப் பாத்துக்கட்டும். மழை முடியிற வரைக்கும் டைம். அதுக்குள்ள கடை நிமுந்தா நல்லது. இல்லேன்னா சாவியக் குடுத்துடு."

"சரிண்ணே" என்று அவர் சொல்லிவிட்டார். அந்த 'சரி' கடையம்மாவுக்குப் பகீரென்றது. காலையில் வெர்னியரைப் பார்த்துச் சொல்கிற சரி வேறு, இது வேறு. எவனோ ஒருவனுடைய ஸ்டோரில் மூட்டை எண்ணிக்கொண்டு, மெஸ் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, அந்த விரல்களுக்கு ஒரு வேலையும் இல்லாமல் அவர் கிடப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு ராத்திரிகூடத் தனித்தனியாகத் தூங்கினதில்லை. இந்த வயசில் இதென்ன கொடுமை என்று பொருமினாள்.

நூலகத்து வாசலில் ஒட்டியிருந்த தாளை அவள் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறாள். 'சொந்தமாக வெப்சைட் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு. ஒன்றும் தெரியாதவர்கள் வரலாம்.' அந்தக் கடைசி வரி அவளுக்காகவே எழுதினமாதிரி இருந்தது. கடைக்கு ஆள் வர வழியில்லையென்றால் கடை ஆளிடம் போகட்டும் என்று முடிவுகட்டி, மகள் வெளியூர் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அதன் கீல் உடைந்து மூடி நிற்காமல் சாய்ந்தது. ஒரு ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டினாள், நின்றது.

டீச்சர் அவளைவிடப் பதினைந்து வயசு சின்னவள். ஆறு மாதக் கர்ப்பம். மேஜையில் சாய்ந்து நின்றுகொண்டு முதல் நாள் சொன்னாள்: "வீட்டு நம்பர் வேற, மனை வேற, வீடு வேற. வெப்சைட்டுக்கும் அப்படித்தான். பேரை ஒரு எடத்துல வாங்கணும். வைக்கிறதுக்கு எடம் ஒண்ணு வாடகைக்குப் பிடிக்கணும். அதுக்கப்புறம் நாம எழுதறதுதான் வீடு." கடையம்மா அதை நோட்டில் வீட்டுப் படமே போட்டு எழுதிக்கொண்டாள்.

முதல் பக்கத்தில் கடைப்பெயரைத் தடித்த எழுத்தில் போட்டாள். பார்த்தால் பக்கம் முழுக்கத் தடித்துக் கிடந்தது.

"அக்கா, தடி எழுத்துக்கு ஒரு குறி போட்டுத் திறந்தீங்க, முடிவுக் குறி போட்டு மூடலை" என்றாள் டீச்சர். "திறந்தா ஒவ்வொண்ணையும் மூடணும். இல்லேன்னா வழிஞ்சு கீழ வரைக்கும் ஓடிடும்."

"அட, நம்ம தொழில்தான்" என்றாள் கடையம்மா. அதற்கப்புறம் அந்தத் தப்பை அவள் செய்யவில்லை.

மற்றத் தப்பெல்லாம் செய்தாள். போட்டோவை எடுத்தபடி ஏற்றியதில் பக்கம் திறப்பதற்குள் ஒரு உலை கொதித்துவிடும் போலிருந்தது. சுருக்கி ஏற்றக் கற்றுக்கொண்டாள். பக்கத்துக்குப் பக்கம் தட்டிப் போக வழி வைத்தாள். பாதி வழி முட்டுச்சந்தில் போய் நின்றது. எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து, சாயங்காலம் எட்டு மணிக்குக் கடை ஷட்டரை இறக்கும்போது வெப்சைட்டையும் எடுத்துவிடுவாள். காலையில் மறுபடி ஏற்றுவாள். பத்து நாள் இப்படி நடந்திருக்கிறது. தெரிந்ததும் டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அக்கா, என் புள்ள இப்பவே பொறந்துடும் போல. அதுக்கு ஷட்டர் கிடையாதுக்கா. அது பாட்டுக்குத் திறந்தே கெடக்கும்."

"ஆளில்லாத கடையைத் திறந்துபோட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள் கடையம்மா. வீட்டில் வாஷர்க்காரரும் அதையேதான் கேட்டார். கடையம்மா அரைமனசோடு ஷட்டரை விட்டாள். ஆனால் இரண்டு பழக்கத்தை விடவில்லை. சாயங்காலம் சரக்கை எடுத்து உள்ளே வைக்கிறமாதிரி, வெப்சைட் முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக் கல்லாப்பெட்டியில் போட்டுப் பூட்டுவாள். காலையில் கடை பெருக்கி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, ஒவ்வொரு வழியையும் தட்டிப் பார்ப்பாள். "இதெல்லாம் தினமும் யாரும் பண்றதில்லக்கா" என்றாள் டீச்சர். "பெருக்காத கடையை நான் திறந்ததில்லம்மா" என்றாள் இவள்.

டீச்சர் சொல்லிக் கொடுத்ததிலேயே பெரிய விஷயம் வேறொன்று. "வாஷர் கடைன்னு யாரும் தேட மாட்டாங்கக்கா. பிளாஸ்க் ஒழுகுதுன்னுதான் தேடுவாங்க." கடையம்மாவுக்குப் பளிச்சென்று விளங்கியது. இருபது வருஷமாகக் கடைக்குள் நுழைகிறவர்கள் எப்படிப் புலம்பிக்கொண்டு நுழைவார்களோ, அதையே தலைப்பாகப் போட்டாள். 'குழாய் இறுக்கி மூடியும் சொட்டுகிறதா?' 'காபிப் பாத்திரத்தில் பக்கவாட்டில் ஆவி போகிறதா?' ஒவ்வொரு புலம்பலுக்கும் ஒரு பக்கம்.

ஒன்றுதான் இடித்தது. பழசைப் பார்க்காமல் எந்த அளவென்று எப்படிச் சொல்வது?

"என்னங்க, அவங்க பழசு அவங்க கையிலதான இருக்கு. ஸ்கிரீன்ல வட்டம் வட்டமாப் போட்டு வச்சா? வளையத்த அது மேல வச்சுப் பாத்துக்கட்டும். எந்த வட்டத்துல ஒக்காருதோ அதான் அளவு."

வாஷர்க்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மழை தொடங்கினதிலிருந்து அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் கண்டதில்லை. "நல்ல யோசனைதான்" என்றார். அவரிடமிருந்து அவ்வளவு நீளமான பாராட்டு வந்ததில்லை.

இரண்டு பேரும் மூன்று நாள் உட்கார்ந்தார்கள். அவள் வட்டம் போட, அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெர்னியரைத் திரைமேல் வைத்து அளந்தார். "இன்னும் ஒரு முடியளவு பெருசாக்கு. போதும். நிறுத்து." இருபதிலிருந்து அறுபது மில்லிமீட்டர் வரைக்கும் ஒவ்வொரு வட்டமும் அச்சு அசலாக வந்தது. 'உங்கள் பழைய வளையத்தை இந்த வட்டத்தின்மேல் வையுங்கள்' என்று அவள் எழுதினாள். டீச்சரும் அதே லேப்டாப்பில் வளையத்தை வைத்துப் பார்த்து, "சூப்பர்க்கா" என்றாள்.

இரண்டு வாரத்தில் இருபத்துமூன்று ஆர்டர் வந்தது. லேப்டாப்பில் டிங்கென்று சத்தம் வரும்போதெல்லாம் வாஷர்க்காரர் எழுந்து நின்றுவிடுவார், வாசலில் ஆள் வந்தமாதிரி. கடையம்மா கவருக்குள் வளையத்தைப் போட்டு, ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் பவுடரும் தூவி அனுப்பினாள். அந்த இரண்டு வாரமும் அவள் தரையில் நடந்தாளா என்பதே சந்தேகம்.

மூன்றாம் வாரம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பெருசா இருக்கு. சிறுசா இருக்கு. சேரலை. இருபத்தொன்று வந்துவிட்டது. தங்கினது இரண்டுதான். அவள் அளவுப்பட்டியலை மறுபடி மறுபடி பார்த்தாள். வாஷர்க்காரர் வட்டங்களை மறுபடி அளந்தார். ஒரு மயிரிழை பிசகவில்லை. பின்னே எங்கே தப்பு?

பதில் குழியைத் தாண்டி, முழங்கால் வரை சேறோடு வந்தது. கட்டையான ஒரு லாரிக்காரர். உள்ளே வந்ததும் ஒரு பிளாஸ்கை டொக்கென்று மேஜைமேல் வைத்தார்.

"வெப்சைட் வச்சிருக்கிறது நீங்கதான?"

"நாங்கதாங்க" என்றாள் கடையம்மா.

"எட்டு மணி நேரம் வண்டி ஓட்டுறவன் நான். டீ இந்த பிளாஸ்க்ல இல்ல, என் சீட்டுல இருக்கு. நீங்க அனுப்புன ரப்பரு எங்கன்னு கேளுங்க."

"எங்கங்க?"

"என் சம்சாரம் கையில. வளையல் நல்லாருக்குன்னு போட்டுக்கிட்டா."

கடையம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "வட்டத்து மேல வச்சுப் பாத்துத்தான போட்டீங்க?"

"பின்ன? இந்தா பாருங்க." அவர் போனைத் திறந்து மேஜைமேல் வைத்தார். பழைய வளையத்தை எடுத்து வட்டத்தின்மேல் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. வட்டத்துக்குக் கீழே அறுபது என்று எழுதியிருந்தது.

வாஷர்க்காரர் வளையத்தை எடுத்து உருட்டினார். "நாப்பத்திரெண்டு" என்றார், மெதுவாக. வெர்னியரை எடுத்துப் போனில் இருந்த அறுபதை அளந்தார். அதுவும் நாற்பத்திரண்டு. லேப்டாப்பில் இருந்த அறுபதை அளந்தார். அறுபது.

"நானா சின்னதாக்குனேன்?" என்றார் லாரிக்காரர்.

போனில் போனளவுக்கு, பெரிய திரையில் அந்த அளவுக்கு, ஒரே வட்டம் ஆளுக்கொரு அளவாகத் தெரிந்திருக்கிறது. தங்கின இரண்டில் ஒன்று லாரிக்காரர் சம்சாரத்தின் வளையல்; இன்னொருவர் வீட்டில் மட்டும் இதே மாதிரி லேப்டாப் இருந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் அளவு சொன்ன கடை, அளவிலேயே கவிழ்ந்துவிட்டது.

"தப்பு எங்களுது" என்றார் வாஷர்க்காரர். பிளாஸ்க் மூடியை வாங்கி, உள்ளே சிக்கிக் கிடந்த கிழிசலை நெம்பி எடுத்து, சரியான வளையத்தைப் போட்டுக் கொடுத்தார். லாரிக்காரர் பிளாஸ்கைத் தன் தலையில் கவிழ்த்துப் பார்ப்பதுபோலப் பாவனை செய்தார். "இது ஒழுகலேன்னா சொல்றேன்" என்று கடையம்மாவின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போனதும் வாஷர்க்காரர் லேப்டாப்பை மூடினார். "போதும் விடும்மா. பேரு கெடறதுக்கு முன்னாடி எடுத்துடு. நான் மில்லுக்கே போயிடறேன்."

"நான் எடுக்க மாட்டேன்."

"தப்பான அளவு குடுக்குற கடையை வச்சிருக்கக் கூடாது."

அவள் லேப்டாப்பை மறுபடி திறந்தாள். வட்டப் பக்கத்தை மட்டும் மறைத்து, 'பழுது பார்க்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிவைத்தாள். வாங்கின எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். டீச்சர் விஷயத்தைக் கேட்டுத் தலையிலடித்துக்கொண்டாள். "உங்க லேப்டாப்லயே பாத்துட்டு விட்டுட்டேனேக்கா. ஒருதடவ போன்ல திறந்து பாக்கணும்னு தோணலையே." ஸ்கேல் வைத்து அளந்து எழுதச் சொல்லலாம் என்றாள். வாஷர்க்காரர் உதட்டைப் பிதுக்கினார். ரப்பரை ஸ்கேலில் வைத்துச் சரியாக அளந்தவனை அவர் இன்னும் பார்க்கவில்லையாம்.

மழை முடிய மூன்று வாரம்தான் இருந்தது.

அடுத்த நாள் காலையில் அவள் பெருக்கிக்கொண்டிருந்தாள். வாஷர்க்காரர் வழக்கம்போலத் துணியைப் பிரித்து, எஃகுக் கட்டையை வெர்னியருக்குள் வைத்தார். "சரி." கடையம்மா வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தவள், துடைப்பத்தோடு அப்படியே நின்றாள்.

"எதுக்குங்க அதை வச்சுப் பாக்குறீங்க?"

இருபது வருஷத்தில் அவள் நிஜமாகக் கேட்டது இதுதான் முதல்தடவை. அவரும் பதில் சொன்னார். "கருவி தப்பா இருந்தா அளவு தப்பாத்தான வரும். கட்டை அளவு எனக்குத் தெரியும். அதுக்கு இது சரியாக் காட்டுதான்னு பாத்துட்டா, மத்ததை நம்பலாம்."

"அப்ப அவங்க ஸ்கிரீனுக்கும் ஒரு கட்டை வேணும்."

"எல்லார் வீட்டுக்கும் எஃகுக் கட்டை அனுப்புவியா?"

"அவங்க வீட்டுலயே இருக்கணும். எந்த வீட்டுலயும் ஒரே அளவா இருக்குற சாமான். என்ன இருக்குங்க அப்படி?"

அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு சாமான் தப்பவில்லை. தீப்பெட்டியை அளந்தார்கள்; இரண்டு கம்பெனிப் பெட்டி இரண்டு அளவு. "காசு?" என்றாள். "வேற நாட்டுல வேற காசு" என்றார். கரண்டி, சீப்பு, சோப்பு, பல்ப். வாஷர்க்காரர் பென்சில் பேட்டரியை அளந்து, "இது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்" என்று சந்தோஷப்பட்டார். திரையில் வைத்தார்கள். அது உருண்டு ஓடி அலமாரிக்கடியில் போய்விட்டது. குனிந்து அதை எடுக்கப்போன கடையம்மா, நிமிரும்போது மேஜையைப் பார்த்தாள். லாரிக்காரரின் மூடியிலிருந்து கிழிசலை நெம்பி எடுத்த பழைய பேங்க் கார்டு அங்கே கிடந்தது. காலாவதியான கார்டு, ரப்பரைக் கீறாமல் கிளப்ப அதைவிட நல்ல ஆயுதம் இல்லையென்று பல வருஷமாக வைத்திருக்கிறார்.

"அதை அளங்க."

"எண்பத்தஞ்சு புள்ளி ஆறு."

அவள் தன் பர்சிலிருந்து வேறொரு பேங்க் கார்டை எடுத்து நீட்டினாள். "இது?"

அவர் அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு வாய்விட்டுச் சொன்னார்: "எண்பத்தஞ்சு புள்ளி ஆறு. ஏம்மா, வேற வழியே இல்ல. எந்த ஊர் மெஷின்லயும் நுழையணுமே. அளவு மாறுனா எப்படி நுழையும்?"

கடையம்மா மழையில் நூலகத்துக்கு ஓடினாள். டீச்சரின் கார்டு, அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேரின் கார்டு, எல்லாவற்றையும் வெர்னியரில் வைத்தாள். ஆமாம், வெர்னியரை அவளிடமே கொடுத்தனுப்பியிருந்தார். அத்தனையும் ஒரே அளவு.

அவள் போட்ட திட்டம் இது: திரையில் ஒரு கார்டின் கோட்டுப்படம். கீழே விரலால் இழுக்க ஒரு கம்பி. இழுத்தால் படம் பெருக்கும், சிறுக்கும். தன் கார்டை அதன்மேல் வைத்து, கோடும் கார்டும் ஒட்டுகிற வரைக்கும் இழுக்க வேண்டியது. அதோடு எல்லா வட்டமும் அந்தத் திரைக்கேற்ப நிஜ அளவுக்கு மாறிவிட வேண்டும். இழுக்கிற கம்பிக்கு எப்படி எழுதுவது என்று டீச்சர் காட்டிக்கொடுத்தாள். கணக்கைக் கடையம்மா தானே போட்டாள். கார்டு திரையின் எத்தனை புள்ளி நீளத்தில் உட்கார்ந்ததோ அதை எண்பத்தைந்து சொச்சத்தால் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை புள்ளி. அதை நாற்பத்திரண்டால் பெருக்கினால் நாற்பத்திரண்டு வட்டம். எழுதி, திறந்ததை மூடாமல் விட்டது எங்கே என்று தேடி, மறுபடி எழுதி, ஐந்து நாள் ஆயிற்று. கார்டைப் படுக்க வைத்தால் போனில் அடங்கவில்லை. நிறுத்தி வைத்தாள், அடங்கியது. இந்தமுறை யாருடைய பேச்சையும் நம்பவில்லை. சந்தில் இருந்த அத்தனை போனையும் வாங்கிப் பார்த்தாள். மண் தோண்டுகிறவர்கள்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து கார்டை வைத்துக் காட்டினார்கள். ஒவ்வொன்றையும் வாஷர்க்காரர் அளந்தார். நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு. கீறல் விழுந்த போனிலும் நாற்பத்திரண்டு.

பக்கத்தைத் திறந்துவிட்டாள். திருப்பி அனுப்பின இருபத்தொரு பேருக்கும், "இன்னொருதரம் வச்சுப் பாருங்க, இந்தத் தடவ எங்க செலவு" என்று எழுதினாள். பத்தொன்பது பேர் பார்த்தார்கள். பத்தொன்பதும் சேர்ந்துவிட்டது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. கார்டை வைத்து அளவு பார்க்கிற கடை என்று கண்டவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார்கள். டிங், டிங்கென்று வர ஆரம்பித்தது. வாஷர்க்காரர் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று, கடைசியில் கால் வலித்து உட்கார்ந்துவிட்டார்.

நடுவில் ஒரு சோதனை. ஒருநாள் காலை அவள் பெருக்கி முடித்துத் திறந்தால், வெப்சைட் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் கிடந்தது. இடம் வாடகைக்குக் கொடுத்தவர்கள் எதையோ புதுப்பித்ததில் போயிருக்கிறது. டீச்சர் பிரசவத்துக்குத் தாய்வீடு போயாயிற்று. வாஷர்க்காரர் வெள்ளைத் திரையைப் பார்த்து வெளிறிப்போனார். "யாரக் கூப்பிடறது?"

"யாரையும் வேணாம். கல்லாவைத் திறங்க."

பென்டிரைவை எடுத்தாள். நோட்டைப் பிரித்தாள். மனை இருக்கிறது, நம்பர் இருக்கிறது, வீடுதான் விழுந்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலத்து வீடு கையில் இருக்கிறது. ஒவ்வொன்றாக ஏற்றினாள். பத்தரை மணிக்குக் கடைப்பெயர் தடித்த எழுத்தில் வந்து நின்றது. அவள் மனசுக்குள் ஒரு மிதப்பு ஏறிவிட்டது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

மழை நின்ற மூன்றாம் நாள் பெரியவர் வந்தார். கையில் சிமெண்ட்காரர்கள் கொடுத்த தாள். கடைக்குள் ஸ்டூல் தெரியவில்லை. அதன்மேல் கவர்கள் அடுக்கியிருந்தன. நின்றுகொண்டே பார்த்தார்.

"என்னம்மா இதெல்லாம்?"

"தபாலுக்குப் போறது மாமா."

"இன்னிக்கு ஒரு நாளைக்கா?"

"காலையில வந்தது மட்டும்."

அந்த நேரம் அவள் போனில் ஒரு வீடியோ வந்தது. லாரிக்காரர். வண்டிக்குள் உட்கார்ந்து, வெள்ளைச் சட்டையோடு, பிளாஸ்கைத் திறக்காமல் அப்படியே தன் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்திருந்தார். ஒரு சொட்டு விழவில்லை. "எத்தன வாரமாச்சு பாத்துக்கோங்க" என்று குலுக்கினார். "எங்க லாரி ஷெட்டுல நாப்பது வண்டி. எல்லாரையும் கார்டை வைக்கச் சொல்லிட்டேன்." வாஷர்க்காரர் அடக்க முடியாமல் சிரித்தார். பெரியவர் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயசுக்கப்புறம் தம்பி இப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே தேய்ந்த வளையம். "உன் அண்ணி குடுத்துவிட்டா. எங்க வீட்டு பிளாஸ்கும் ஒழுகுது."

வாஷர்க்காரர் கையை நீட்டினார். பெரியவர் கொடுக்கவில்லை.

"நீ சும்மா இரு. உன் விரல் சொல்லிடும்னு எனக்குத் தெரியும். உன் விரல் இல்லாம ஆகுதான்னு பாக்கணும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் போனில் பக்கத்தைத் திறந்தார். கார்டை நிறுத்தி வைத்தார். கம்பியை இழுத்தார், தாண்டிப் போனது, திரும்ப இழுத்தார். கடையம்மா உதவிக்குப் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வளையத்தை ஒவ்வொரு வட்டமாக வைத்து நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"முப்பத்தெட்டு."

வளையத்தைத் தம்பியிடம் கொடுத்தார். தம்பி உருட்டினார்.

"முப்பத்தெட்டு" என்றார் வாஷர்க்காரர்.

பெரியவர் போனில் எதையோ தட்டினார். லேப்டாப்பில் டிங்கென்றது. கடையம்மா ஆணியிலிருந்து முப்பத்தெட்டை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க மாமா."

"கையில குடுக்காத. அட்ரஸ் போட்டிருக்கேன்ல, தபால்ல அனுப்பு. மொறைன்னா மொறை." சிமெண்ட்காரர்களின் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "அவங்கள வேற எடம் பாத்துக்கச் சொல்லிடறேன். சம்பந்திகிட்டயும் ஆள் வரமாட்டான்னு சொல்லிடறேன்." வாசல்வரை போனவர் திரும்பினார். "ஏம்மா, எங்க அப்பா இருந்து இதைப் பாத்திருக்கணும்" என்றார். கண் கலங்கியிருந்தது. பலகைமேல் அடிமேல் அடி வைத்துக் குழியைத் தாண்டிப் போனார்.

மறுநாள் காலை கடையம்மா பெருக்கி முடித்தாள். வாஷர்க்காரர் துணியைப் பிரித்து, எஃகுக் கட்டையை வெர்னியருக்குள் வைத்து, "சரி" என்றார். அவள் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்தாள். அளவுப் பக்கம் வந்ததும் பழைய கார்டை எடுத்துத் திரையில் கோட்டின்மேல் வைத்தாள். ஓரத்துக்கு ஓரம் ஒட்டி நின்றது.

"சரி" என்றாள்.

"இன்னிக்கு மட்டும் மாறிடவா போகுது?" என்று கேட்டார் வாஷர்க்காரர்.

அவள் பதில் சொல்லவில்லை.